சர்வர் வரும்வரை

சார்பதிவாளர் அலுவலகத்தில்
சர்வர் இல்லை என்றார்கள்.
பதினோரு மணிக்கு வரலாம்,
மூன்று மணிக்கும் வரலாம்.
பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு
நானும் அறவாழியும்
அரசலாற்றுப் பாலம் தாண்டி நடந்தோம்.
விவாகரத்தாகி மூன்று வருடம்.
சேர்ந்து நடந்தால் இன்னும்
லாரி வரும் பக்கம்தான் வருகிறான்.

ஸ்ரீ சாரதா காபி டீ கிளப்.
பலகையில் 'டீ' மட்டும் பிறகு நுழைந்தது.
இடம் போதாமல் ஒருக்களித்து நிற்கிறது,
ஓடிவந்து பஸ் ஏறியவள் மாதிரி.
இங்கே சர்வர் இருந்தார்.
பெயர் பக்கிரிசாமி.
மேஜையைத் துடைத்த துண்டாலேயே
மின்விசிறி சுவிட்சையும் தட்டினார்.
"ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை பாதி"
என்றான் அறவாழி, என்னைக் கேட்காமல்.
பாதிச் சர்க்கரையை நான் விட்டு வெகுநாளாகிறது.
முழுசாகவே குடிக்கிறேன் இப்போதெல்லாம்.
சொல்லவில்லை.
டபராவில் ஆற்றி ஆற்றிக் குடித்தேன்.
முதலில் துவர்ப்பு,
ரொம்பத் தாமதமாக ஏலக்காய்.
பில் இருபத்துநாலு ரூபாய்.
பாதிச் சர்க்கரைக்குக் கழிவு கிடையாது.

கொல்லைக் கதவு தோட்டத்தில் திறக்கிறது.
ஆளுக்குப் பத்து ரூபாய்.
சீட்டுக் கிழித்த அஞ்சம்மாள்
"ஜோடியா போட்டோ எடுத்தா இருபது கூட" என்றாள்.
"வேண்டாம்" என்றோம் ஒரே குரலில்.
அவள் சிரித்துவிட்டாள்.

மராட்டிய ராணி ஒருத்தி
சத்திரத்தில் தங்குகிறவர்களுக்காகப் போட்ட தோட்டமாம்.
அவள் பெயர் இருந்த இடத்தில்
பலகை துருப்பிடித்து ஓட்டையாகி
அந்தப் பக்கத்து வாழைமரம் தெரிகிறது.
செங்கல் மண்டபம். எட்டு மூலைக் குளம்.
சுற்றிலும் கருங்கல் வாய்க்கால்,
அதற்குள் காய்ந்த மகிழம்பூ,
ஒரு ஷாம்பூ பாக்கெட்.
நாகலிங்க மரம்
குண்டு குண்டாகக் காய்களைத்
தண்டிலேயே கட்டிக்கொண்டு நின்றது,
எறிய எடுத்து எறியாமல் விட்டதுபோல.

வாய்க்காலுக்குள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தோம்.
மனைப் பேச்சு வந்தது.
ஐந்து சென்ட், கிழக்குப் பார்த்தது.
கிணறு என்று அவனும்
அங்கேதான் சமையலறை ஜன்னல் என்று நானும்
ஒரு சித்திரை முழுக்க
சண்டை போட்ட மண்.
வாங்குகிறவர் கோழிக்கடை போடுகிறாராம்.
"கிணறு வெட்டுவாரா?" என்றேன்.
"போர் போடுவார்" என்றான்.
அதற்கு மேல் பேச ஒன்றும் அகப்படவில்லை.
ஒரு செம்போத்து
வேலிக்குள் நுழைந்து வெளியே வந்தது.

மதகுப் பக்கமிருந்து அஞ்சம்மாள் கத்தினாள்:
"தண்ணி வருது, காலை எடுங்க!"
மேட்டூர் திறந்து பதினெட்டாம் நாள்.
முதலில் சத்தம்.
பிறகு நுரை, சருகு,
எறும்புக் கூட்டத்தோடு ஒரு தேங்காய் மட்டை.
காய்ந்த மகிழம்பூவெல்லாம் எழுந்து நகர
அதன் பின்னால்தான் தண்ணீர்,
சற்று முன் குடித்த டீயின் நிறத்தில்.

காலை எடுக்கவில்லை நாங்கள்.
அவன் வலது செருப்பு கழன்று மிதக்க
என் காலால் அழுத்திக் கல்லோடு பிடித்தேன்.
குனிந்து எடுக்க அவனுக்கு நேரமாயிற்று.
முதுகுவலி போலிருக்கிறது.
எனக்குத் தெரியாமல் வந்த வலி.
தண்ணீரில் கைவிட்டு
அகப்பட்ட பூக்களை அள்ளினேன் நான்,
அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க.

போன் வந்தது:
"சர்வர் வந்துடுச்சு சார், ரெண்டு பேரும் வாங்க."

செருப்பு சளக் சளக் என்று
பாலம் முழுக்கப் பேசிக்கொண்டு வந்தது.
அவன் ரேகை உடனே விழுந்தது.
என் பெருவிரலை
மூன்று முறை மறுத்தது கருவி.
"கையில என்னம்மா பொத்தி வச்சிருக்கீங்க?
ஈரமா இருக்கு பாருங்க.
தொடைச்சுட்டு வைங்க."